ராஜாக்கள் திரும்பும் வழி

“நாகவல்லியைக் கிணத்துல தள்ளிடுங்கம்மா. கதை தானா முடிஞ்சிடும்.”

பதிப்பாளர் ஜானகிராமன் தொலைபேசியில் இவ்வாறு சொன்னபோது, ஹெலினா தெர்மக்கோல் பலகையின் முன்னால் மண்டியிட்டு, கத்தியால் ஒரு மலையை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“தள்ளமாட்டேன் சார்” என்றாள்.

நாகவல்லி ஊனும் உயிருமாய் உலவும் பெண் அல்லள். ஹெலினா எழுதிக்கொண்டிருந்த நாவலின் நாயகி. புளியும் கடுக்காயும் வாங்கி விற்பதற்காகச் சமவெளியிலிருந்து ஜவ்வாது மலைமேல் குடியேறிய ஒரு மண்டிக்கார வீட்டின் மருமகள். கணவன் இறந்துபோனான். அவனுடைய பங்கு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, அவளைக் கடைசிக் கொழுந்தனுக்கே கட்டிவைத்துவிட அந்த வீட்டு ஆண்கள் முடிவுசெய்துவிட்டார்கள். அவளோ நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறத் துடிக்கிறாள். ஆனால், ஊருக்கு இருப்பது ஒரே தார்ச்சாலை. அந்தச் சாலையின் வளைவில், பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, கொழுந்தன்மாரின் மண்டி. அவர்கள் கண்ணில் படாமல் ஓர் ஆட்டுக்குட்டிகூட மலையைவிட்டு இறங்க முடியாது. இருநூறு பக்கங்களில் ஹெலினா அந்தச் சிறையை அவ்வளவு உறுதியாகக் கட்டிவிட்டாள். இப்போது கட்டியவளுக்கே அதன் கதவு தெரியவில்லை.

“வழியே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?” என்றார் ஜானகிராமன். “முதல்ல ஒரு கண்டக்டர் அவளை ஸீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுக் கூட்டிட்டுப் போனான். அப்புறம் போலீஸ் வந்தது. அடுத்து என்ன, ஹெலிகாப்டரா?”

“அந்த ரெண்டையும் நானே கிழிச்சுப் போட்டுட்டேன் சார்.”

“அப்பக் கிணறுதான். சாவு வாசகர் மனசுல நிக்கும்மா. பரிசுக் கமிட்டிக்காரங்க மனசுலயும் நிக்கும்.”

ஹெலினாவுக்குச் சுள்ளென்று கோபம் மூண்டது. நியாயமான கோபம். கதையில் ஒரு பெண் மூலையில் மாட்டிக்கொண்டால் போதும், எழுதுகிறவர்கள் கிணற்றைத் தேடிப் போய்விடுகிறார்கள். கிணறு இல்லாத ஊரென்றால் தண்டவாளம். தண்டவாளமும் இல்லையென்றால் மண்ணெண்ணெய். வாசிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எழுதியவருக்கு மாலை விழுகிறது. நம்முடைய நாவல்களில் உள்ள கிணறுகளெல்லாம் பெண்களால் நிரம்பி வழிகின்றன என்பதை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஹெலினாவும் தன் இரண்டாம் நாவலில் ஒருத்தியைப் பழவேற்காட்டு ஏரியில் இறக்கிவிட்டவள்தான். அதைப் படித்த, உடன் வேலைசெய்யும் சுசீலா, தேநீர் இடைவேளையில் புத்தகத்தை அவள் மடியில் போட்டுவிட்டு, “இதுக்குத்தான் இத்தினி பக்கம் வளத்தியாக்கா?” என்று கேட்டாள். பரிசுக் கமிட்டிகள் ஆயிரம் சொல்லலாம். ஹெலினாவின் மனத்தில் நின்றது அந்தக் கேள்விதான்.

“அவ உயிரோட வெளிய வருவா சார். வழியை நான் காட்டுறேன்.”

“காட்டுங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி முடிவு என் கைக்கு வந்தாத்தான் ஜனவரி புத்தகக் கண்காட்சியில புத்தகம் இருக்கும். நான் நம்புற மாதிரி வழி இருக்கணும். இல்லேன்னா, கிணத்தை எழுதிக் குடுத்துடுங்க. அதுவும் முடியாதுன்னா, இந்த நாவலை நாங்க போடுறதா இல்லை.”

அவர் அழைப்பைத் துண்டித்தார். ஹெலினா மீண்டும் கத்தியை எடுத்தாள்.

‘உங்களுக்குக் கதை எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்பவர்களுக்கு ஹெலினா இதுவரை ஒழுங்கான விடை சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவளுடைய கதைகள் குடிலிலிருந்து வந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்மாற்றி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். ஆண்டுக்கு ஒரு முறை, சேர்த்துவைத்த விடுப்பில், தான் பார்த்திராத ஓர் ஊருக்குப் பயணம் போவாள். திரும்பும்போது அந்த ஊர் மண்ணில் ஒரு பை, கைக்கு அடக்கமான கற்கள் சில. டிசம்பர் பிறந்ததும், இயேசு பாலன் பிறப்பதற்காக வீட்டுக்கு வீடு குடில் கட்டுவார்கள் அல்லவா, அப்போது ஹெலினா அந்த ஊரையே குடிலாகக் கட்டுவாள். அவள் குடியிருக்கும் அயனம்பாக்கத்தில் பனி பெய்ததை எவரும் கண்டதில்லை. ஆனாலும், அவளுடைய கோயிலைச் சேர்ந்த வீடுகளின் எல்லாக் குடில்களிலும் பஞ்சுப் பனி கொட்டிக் கிடக்கும். ஹெலினாவின் குடிலில் பழவேற்காட்டுப் படகுத்துறையும் தனுஷ்கோடி மணலும் இருந்தன. மாதாவும் சூசையப்பரும் ஓர் ஆண்டு வலை உலர்த்தும் கொட்டகையில் தங்கினார்கள். சிறு கல்லொன்றை எங்கே வைப்பது என்று விரல்கள் தயங்கும்போது, அந்தக் கல்லில் யார் உட்காருவார், யாருக்காகக் காத்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியவரும். திருவிழா முடிந்ததும் எழுத உட்காருவாள்.

சென்ற ஆண்டு ஜவ்வாது மலைக்குப் போய்வந்து, அதைக் குடிலாக்கி, அதிலிருந்து நாகவல்லியை எழுதினாள். முடிவு வராததால் இந்த ஆண்டும் அதே மலையை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் தோன்றாதபோது கை பழகிய வேலையைச் செய்வது அவள் வழக்கம்.

மாலையில் இக்னேஷியஸ் லேத் பட்டறையிலிருந்து வந்தான். ஹெலினாவின் கணவன். எஸ்டேட் முழுவதும் அவனுக்குத் தெரிந்தவர்கள். ஆகவே, வீட்டுக்கு வரும் வழியில் பேசித் தீர்க்க வேண்டியவை ஏராளம். குடில் வேலையில் அவனுக்கென்று ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: பாலனை வணங்க வரும் மூன்று ராஜா பொம்மைகளின் பயணம். அந்த வீட்டில் ராஜாக்கள் நேராகக் குடிலில் போய் நிற்பதில்லை. ஃபிரிட்ஜின் தலையில் புறப்பட்டு, அலமாரி, ஜன்னல் விளிம்பு, தையல் இயந்திரம் என்று நாளுக்குச் சிறிது நகர்ந்து, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருவிழாவன்று குடிலை அடைவார்கள். ஒவ்வொரு நாளும் அவர்களை நகர்த்துபவன் இக்னேஷியஸ். ஒட்டகத்தை அவன் இரண்டு முறை சமையலறை மேடையில் நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அவன் பழைய செய்தித்தாள் சுற்றலிலிருந்து ராஜாக்களை ஒவ்வொருவராக விடுவித்தான்.

“இன்னா மே, ஜானகிராமன் சார் போன் பண்ணாரா? மூஞ்சி எஸ்டேட் பாய்லர் மாரி கீது.”

“நாகவல்லியைக் கிணத்துல தள்ளணுமாம்.”

“தள்ளு. அப்பால நாம நிம்மதியா கேக் சாப்புடலாம்.” அவள் பார்த்த பார்வையில் உடனே தணிந்தான். “சும்மா சொன்னேன் மே. இந்தா, ராஜாங்கள எங்க வுடட்டும்? வழக்கமா ஃபிரிட்ஜ் மேலதான?”

 ஹெலினாவின் கண் குடிலின் பாதையில் இருந்தது. மணலால் இட்ட பாதை மேசையின் முன்விளிம்பில் தொடங்கி, வளைந்து, குகையின் வாயிலில் முடிந்தது. ராஜாக்கள் அதன் வழியே வருவார்கள், வணங்குவார்கள். பிறகு? பிறகு இக்னேஷியஸ் அவர்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போடுவான். ஆனால், கதை அப்படி இல்லையே! பாலனைக் கொல்ல ஏரோது மன்னன் காத்திருக்கிறான் என்று கனவில் எச்சரிக்கப்பட்ட அந்த ராஜாக்கள், வந்த பாதையை விட்டு வேறு பாதையில் ஊர் திரும்பினார்கள் என்பதை ஹெலினா சிறுமியாக இருந்த நாள்முதல் கோயிலில் கேட்டுவருகிறாள். இத்தனை ஆண்டுகளில் அவள் எத்தனையோ குடில்கள் கட்டிவிட்டாள். ஒன்றிலாவது அவர்கள் திரும்புவதற்கு வழி விட்டிருக்கிறாளா?

எழுந்து போய், பாறைபோல் கசக்கி ஒட்டியிருந்த பழுப்புத் தாளுக்குப் பின்னால் கையை நுழைத்தாள். மலையின் பின்புறத்தில் விரல்கள் சில்லென்று எதன்மீதோ முட்டின. சுவர். வீட்டுக் கூடத்தின் சுண்ணாம்பு அடித்த சுவர்.

குடிலை எப்போதும் சுவரை ஒட்டித்தான் வைப்பது. பார்க்க வருகிறவர்கள் முன்னாலிருந்து பார்த்தால் போதும். மலைக்கும் அவள் அப்படித்தான் போயிருந்தாள்: பேருந்தில் ஏறினாள், வளைவில் இறங்கினாள், தேநீர் குடித்தாள், மண்ணும் கல்லும் எடுத்தாள், அதே பேருந்தில் இறங்கிவந்தாள். மலையின் முகத்தைப் பார்த்தாளே ஒழிய முதுகைப் பார்க்கவில்லை. நாகவல்லியின் ஊருக்குப் பின்னால் இருநூறு பக்கங்களாக நின்றுகொண்டிருப்பது அயனம்பாக்கத்து வீட்டுச் சுவர்.

“இப்டி வந்து புடிங்க” என்றாள்.

“இன்னாத்த?”

“மேசைய. நடு ஹாலுக்கு இழுக்கணும்.”

“நடு ஹாலா? டிவிய எப்டி மே பாக்கறது? ஒட்டகச்சிவிங்கி மாரி கழுத்த நீட்டியா?”

“பாக்காதீங்க.”

மேசை கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. மலையின் பின்புறம் வெளிச்சத்தில் தெரிந்தது. வெறும் தெர்மக்கோல், ஒட்டுநாடா, ஏதோ ஒரு பெட்டியில் அச்சாகியிருந்த ‘இந்தப் பக்கம் மேலே’ என்னும் எழுத்து. ஹெலினா பழுப்புத் தாளைக் கையில் எடுத்தாள். பாதையை எங்கே இடுவதென்று கைக்குத் தெரியவில்லை. கைபேசியை எடுத்து வானிலிருந்து பிடித்த படத்தில் அந்த மலையைத் தேடினாள். பச்சை நிறம் கொட்டிய சாந்துபோலப் பரவியிருந்தது; அதில் ஒரு கோடும் இல்லை.

“இதுக்குப் போயி இத்தினி ரோசனையா?” என்றான் இக்னேஷியஸ். “நீயா ஒரு வழிய வுடு. யாரு போயிப் பாக்கப்போறா?”

“நாகவல்லி போவாளே.”

 அவன் ராஜாக்களை ஃபிரிட்ஜின் மேல் நிறுத்திவிட்டு, “எப்பக் கெளம்பணும்?” என்று கேட்டான்.

சனிக்கிழமை காலையில் பூந்தமல்லி பைபாஸில் போளூர்ப் பேருந்தைப் பிடித்தார்கள். இக்னேஷியஸ் கோயிலுக்குப் போடும் தோல் காலணிகளை அணிந்துவந்திருந்தான். மலைக்கு மரியாதை என்று விளக்கம் சொன்னான். போளூரில் தங்கி, மறுநாள் முதல் மலைப்பேருந்தில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதற்காக அவன் வழியெல்லாம் முணுமுணுத்தான். மலையுச்சி வளைவில் இறங்கியபோது மேகம் சாலையின்மேல் படுத்திருந்தது. தேநீர்க் கடையும் எதிரே பூட்டிய ஒரு கிடங்கும் அப்படியே இருந்தன. நாவலில் அதைத்தான் அவள் கொழுந்தன்மாரின் மண்டியாக்கியிருந்தாள்.

இந்த முறை அவள் தேநீர் குடிக்கவில்லை. வீடுகளுக்கு நடுவே நடந்து, கடைசி வீட்டின் ஆட்டுப்பட்டியையும் கடந்து, ஊரின் முதுகுப்பக்கத்துக்குப் போனாள்.

முதலில் கண்ணில் பட்ட ஒற்றையடிப் பாதை நம்பிக்கை தருவதாக இருந்தது. உண்ணிச்செடிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் பாறை ஒன்றின் விளிம்பில் அறுந்து நின்றது. கீழே மரங்களின் தலைகள் மட்டுமே தெரிந்தன.

“போதும் மே. திரும்பு. பஸ்ஸு போய்டும்.”

“போகட்டும்.”

“போவட்டுமா? ராத்திரி இங்க கரடி கீதாம். டீக்கடைக்காரன் சொன்னான்.”

“கரடிக்கு உங்களத் தரேன். வாங்க.”

மேலே ஏறிவந்து, வேலி ஓரமாக மறுபுறம் நடந்தாள். பாறையைக் கண்டு திரும்பிவிடுபவள் அல்லள் நாகவல்லி. அப்படியானால், ஹெலினாவும் திரும்பக் கூடாது. இரண்டாவது பாதை சாணக்குழி ஒன்றோடு முடிந்தது. மூன்றாவதைப் பாதை என்று சொல்லவே முடியாது. மூங்கில் புதர் ஒன்றின் அடியில் ஒரு துளை, அவ்வளவே. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தத் துளைக்குள்ளிருந்து, தலையில் துடைப்பப்புல் கட்டோடு ஒரு பெண் குனிந்து வெளிப்பட்டாள். இவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“எங்கம்மா போறீங்க?”

“இது எங்க போவுதும்மா?”

“கீழ. ஆலங்காயம் ரோட்டுக்கு.” புல்கட்டைச் சரிசெய்துகொண்டு, இக்னேஷியஸின் காலணிகளை ஒரு முறை பார்த்தாள். “அவரு வரமாட்டாரு.”

“வருவேம்மா!” என்றான் இக்னேஷியஸ் ரோஷத்தோடு.

அவள் சிரித்துக்கொண்டே ஊருக்குள் போய்விட்டாள். ஹெலினா துளைக்குள் நுழைந்தாள். இடுப்பளவு குனிந்தால்தான் போக முடிந்தது. சற்றே நிமிர்ந்தாலும் முள் தலைமயிரைப் பற்றியது. தரையைப் பார்த்தாள். ஈரமண்ணில் வெறுங்கால்களின் தடங்கள் இருந்தன, ஆட்டின் குளம்புகள் இருந்தன. எங்கு தேடியும் டயர்ச் சுவடு இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏறியமர்ந்த ஓர் ஆண், இந்தப் புதரை ஆயிரம் முறை கடந்துபோயிருந்தாலும் புதராகத்தான் பார்த்திருப்பான். சமவெளியிலிருந்து லாரியோடு வந்த மண்டிக்காரர்கள் தார்ச்சாலையை மட்டுமே வழியென்று எண்ணுகிறவர்கள். ஹெலினாவைப் போலவே!

 வழி அகப்பட்டுவிட்டது. ஆனால், ஒரு குழந்தையோடு இதில் இறங்க முடியுமா?

காலையிலிருந்து பொறுக்கிய கற்களும் மண்ணும் துணிப்பையில் கனத்தன. அந்தப் பையை எடுத்து இடது இடுப்பில் வைத்துக் கையால் அணைத்துக்கொண்டாள்.

“குடு, நான் தூக்கறேன்” என்றான் இக்னேஷியஸ்.

“வேணாம். அவளுக்குத் தூக்கிக் குடுக்க யாரு இருக்கா?”

இறங்கத் தொடங்கினார்கள். நடக்க நடக்க, மேசையில் அமர்ந்து எழுதியவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நாகவல்லி தன் தாய் கொடுத்த பித்தளைக் குடத்தைக் கையோடு கொண்டுபோவதாக எழுதியிருந்தாள். அழகான படிமம் என்று ஜானகிராமனே பாராட்டியிருந்தார். ஒரு கையில் குழந்தை இருக்க, மறுகை பாறையைப் பற்றியாக வேண்டும். குடத்துக்குக் கை இல்லை. விட்டெறிந்தால் பள்ளத்தில் உருண்டு மலை முழுவதும் மணியடிக்கும். ஆகவே, அவள் அதை ஒரு தட்டைப்பாறையின்மேல், தண்ணீர் மொண்டுவைத்ததுபோல, நிமிர்த்தி வைத்துவிட்டுப் போக வேண்டும். உலர்ந்த மூங்கில் இலைகள் காலடியில் சரசரத்தன. மேகம் இறங்கி நனைத்துவிட்ட இடங்களில் சத்தமில்லை. அப்படியானால், அவள் வெயில் ஏறுமுன் புறப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஹெலினா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

“பேசிகினே நடந்தா மூச்சு வாங்கும் மே. இந்தா.” இக்னேஷியஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவள் வாயில் திணித்தான். வெல்லப்பாகு பல்லில் ஒட்டிக்கொண்டது. ஒரு திருப்பம் கடந்தும் அவளால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. அவன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். “அம்மாடி! கல்யாணம் ஆனதுலேர்ந்து இத்த நான் ட்ரை பண்ணாம வுட்டுட்டேனே.”

ஹெலினா திடுமென நின்று, அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான்கு வயதுக் குழந்தையை அழாமல், ‘அம்மா எங்க போறோம்?’ என்று கேட்காமல், எப்படி அழைத்துப்போவது என்பதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு விடை அவள் வாயிலேயே இருந்தது. வாய் ஒட்டிக்கொண்டிருந்ததால் அதைச் சொல்ல முடியாமல் கையை ஆட்டினாள்.

“இன்னா, வோணுமா இன்னொண்ணு?”

அடுத்த சரிவில் அவள் கால் வழுக்கியது. பாசி படிந்த பாறை, தடுத்துக்கொள்ள நேரமில்லை. இக்னேஷியஸ் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது அவள் மல்லாந்து கிடந்தாள். வலது முழங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. அவனோ இரத்தத்தைப் பார்க்கவில்லை. அவள் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கற்களும் மண்ணும் நிறைந்த அந்தப் பையை, தரையில் படாமல், அவள் ஆகாயத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“ஏன் மே, அது வெறுங்கல்லு!”

“தெரியும்” என்றாள் ஹெலினா. அப்போது மிட்டாய் கரைந்திருந்தது. கிடந்தபடியே சிரித்தாள். நாகவல்லி விழுவாள். இப்படித்தான் விழுவாள். முழங்கையில் அடிபடும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தாய் எப்படி விழுவாள் என்பதைக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளால் ஒருநாளும் எழுதியிருக்க முடியாது.

பிற்பகலில், புளியமரங்கள் நின்ற ஒரு சாலைக்கு வந்துசேர்ந்தார்கள். வாணியம்பாடிக்குப் போகும் பேருந்து கைகாட்டாமலே நின்றது. அங்கிருந்து ரயில். ஆவடியில் இறங்கி மேம்பாலத்தின் படிகளில் ஏறும்போது, இக்னேஷியஸ் பாழாய்ப்போன காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்: “பூந்தமல்லில போயி ஆவடில வந்துகிறோம். வூட்ட வுட்டுப் போனவ எவளும் போன ரூட்லயே வரமாட்டா போல கீது.”

அந்த வாரம் ஹெலினா விடியலில் எழுந்து, வேலைக்குப் போகும்வரை மலையின் முதுகைக் கட்டினாள். தட்டுகளில் விதைத்த கேழ்வரகு பசேலென்று முளைத்துவந்தது. அதைப் பெயர்த்துச் சரிவெங்கும் நட்டாள். பிரஷ் நாரால் மூங்கில் புதர் செய்தாள். அடியில் ஒரு துளை விட்டாள். பாதையின் நடுவே, தட்டைப்பாறை ஒன்றில், பித்தளை போல் மின்னும் ஒரு சட்டைப் பொத்தானை நிமிர்த்தி வைத்தாள். கட்டி முடித்த பின் எழுத உட்கார்ந்தாள். முழங்கையின் காயத்தால் வலக்கையை மேசையில் ஊன்ற முடியவில்லை. ஊன்றாமலே எழுதி முடித்து அனுப்பினாள்.

விடை தொலைபேசியில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறன்று, பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது, ஜானகிராமனே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் தாள்கட்டு. முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வந்தவர், நடுக்கூடத்தில் மேசை வழிமறித்து நிற்பதைக் கண்டு தயங்கினார்.

“ஒதுங்கிப் போங்க சார், எல்லாருக்கும் இதே கதிதான்” என்றான் இக்னேஷியஸ். “கொஞ்ச நாளா நானே இந்த ஊட்ல கிரிவலம் வந்துகினுகிறேன்.”

ஜானகிராமன் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு கேள்விம்மா. அந்த அண்ணன் தம்பிங்க அதே ஊர்ல வாழறவங்க. வீட்டுக்குப் பின்னாடி பாதை இருக்கிறது அவங்களுக்குத் தெரியாதா? யார் நம்புவா?”

“பாதை எங்க இருக்குன்னு நீங்க சொல்லுங்க சார்.” ஹெலினா குடிலைக் காட்டினாள்.

அவர் முன்னால் நின்று பார்த்தார். மேசையைச் சுற்றிப் பின்புறம் வந்து பார்த்தார். கேழ்வரகுப் பயிரின்மேல் கண்ணை ஓட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தார்ச்சாலையைச் சட்டென்று காட்டினார். வேறொன்றையும் காட்ட அவரால் முடியவில்லை.

“குனிஞ்சு பாருங்க” என்றாள். “அவங்க வண்டியில உக்காந்துகிட்டே பாத்தாங்க. அவ குனிஞ்சே வாழ்ந்தவ.”

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினார். கண் மேசையின் மட்டத்துக்கு இறங்கியது. புதரின் அடியில் துளை தெரிந்தது. துளைக்குள் வெளிர்மண் பாதை. பாதையில் மின்னும் பொத்தான். சற்று நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு தாள்கட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தை எடுத்து, குந்தியிருந்தபடியே மறுபடி படித்தார்.

அதில், நாகவல்லியைக் காணோம் என்று தெரிந்ததும் கொழுந்தன்மார் மூவரும் நேரே கிணற்றுக்குத்தான் ஓடுகிறார்கள். வேறெங்கே போயிருப்பாள் என்று அவர்களுக்கு ஐயமே எழவில்லை. வாளி விழுந்தால் எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுகிறார்கள். முதலில் ஒரு செருப்பு வருகிறது. அது யாருடையதோ பழையது. பிறகு சேறு வருகிறது. ஊரே கிணற்றைச் சுற்றி நிற்க, அவர்கள் மறுபடி மறுபடி இறக்குகிறார்கள். அந்த நேரத்தில் மலையின் முதுகில், புளியமரச் சாலையில், வாயில் கடலை மிட்டாயோடு ஒரு குழந்தை பேருந்துக்குக் கைகாட்டுகிறது.

“என் கிணத்தை வீணாக்கல நீங்க” என்றார் ஜானகிராமன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “ஆனா, அந்தப் பேருந்துல ஏறினதுக்கு அப்புறம் ஒரு பத்தி எழுதியிருக்கீங்களே, தாய்வீடு, தையல் மிஷின், பள்ளிக்கூடம்னு... அது வேணாம்மா. ஏறட்டும். அத்தோட விட்டுடுங்க.”

ஹெலினா அந்தப் பத்தியை மனத்துக்குள் ஒரு முறை படித்துப் பார்த்தாள். அங்கெல்லாம் அவள் போய்ப் பார்க்கவில்லை.

“எடுத்துடுங்க சார். ஆனா, அவ ஏறணும்.”

“ஏறிட்டாம்மா. இன்னிக்கே அச்சுக்குப் போவுது.” பிறகுதான் அவர் சிரித்தார். “காபி கிடைக்குமா? இந்த மலையை இறங்கினதுல எனக்கே மூச்சு வாங்குது.”

பாலன் பிறந்தார். ராஜாக்கள் அலமாரியையும் ஜன்னல் விளிம்பையும் தையல் இயந்திரத்தையும் கடந்து, தங்கள் திருவிழாவன்று காலையில் குடிலை அடைந்தார்கள். அன்று மாலை பட்டறையிலிருந்து வந்த இக்னேஷியஸ், வழக்கம்போல் பெட்டியையும் பழைய செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு வந்தான். குகையின் முன்னால் ராஜாக்களைக் காணவில்லை. மேசையைச் சுற்றி வந்தான். மூங்கில் புதரைத் தாண்டி, பச்சைச் சரிவில், மூவரும் ஒட்டகத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். முகம் வாசற்கதவை நோக்கி இருந்தது.

“இன்னா மே, இதுங்க முதுகக் காட்டிகினு கீதுங்க?”

ஹெலினா அச்சு மணம் மாறாத புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். காலையில் ஆள் மூலம் வந்தது. முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தாள், நாகவல்லி பேருந்தில் ஏறியிருந்தாள்.

“ஊருக்குப் போறாங்க.”

இக்னேஷியஸ் பெட்டியைக் கீழே வைத்தான். செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், குனிந்து, தனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலையைச் செய்தான்: ஒட்டகத்தை எடுத்து ஓர் அடி முன்னே வைத்தான்.